யார் விருந்தாளி?

ஒருவரைக் கொண்டாடுவதும் அவர் சொல்வதைக் கேட்பதும் ஒன்றா? ஒன்றுதான் என்ற நம்பிக்கையில்தான் இலக்கியத் திருவிழாக்கள் நடக்கின்றன. மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி, கையில் மைக்கைக் கொடுத்துவிட்டால் இதுவரை பேசாதவர் பேசிவிட்டார், இதுவரை கேட்காதவர்கள் கேட்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. ஒரு பெண்ணாக, பருத்திப்பட்டில் குடியிருப்பவளாக அந்தச் சந்தேகத்தை யோசித்துப் பார்த்ததே இந்தக் கட்டுரை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தமிழக அரசின் பொது நூலக இயக்ககம் 2022 நவம்பரில் நெல்லையில் பொருநை இலக்கியத் திருவிழாவை நடத்தியது. 2023இன் தொடக்க மாதங்களில் சிறுவாணி, காவிரி, வைகை என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு விழா நடந்தது. இலக்கியத்தைச் சென்னையின் அரங்குகளிலிருந்து வெளியே கொண்டுபோய், அந்தந்த மண்ணின் எழுத்தாளர்களை அந்தந்த ஊரிலேயே உட்கார வைத்துப் பேசச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. நீலம் பண்பாட்டு மையம் ஏப்ரல் மாதத்தைத் தலித் வரலாற்று மாதமாகக் கொண்டாடுகிறது. ‘வேர்ச்சொல்’ என்ற தலித் இலக்கியக் கூடுகையை நடத்துகிறது. கல்லூரி மாணவிகள் கூட்டம் கூட்டமாக வந்து உட்கார்ந்து கேட்கும் அரங்குகள் இவை. பதினெட்டு வயதில் பாமாவையோ சிவகாமியையோ நேரில் பார்ப்பது ஒரு பெண்ணின் வாழ்க்கையில் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே விழாக்கள் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை.

ஆனால் ஒரு சின்ன விஷயம் கவனிக்கத்தக்கது. நெல்லைக்குப் பொருநை, மதுரைக்கு வைகை என்று ஆறுகளின் பெயர் கிடைத்தது. 2023 ஜனவரியில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நடந்த விழாவுக்கு மட்டும் ஆற்றின் பெயர் இல்லை. சென்னை இலக்கியத் திருவிழா என்றே பெயர். சென்னையில் ஆறு இல்லாமலில்லை. ‘கூவம் இலக்கியத் திருவிழா’ என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பு வரும். ஏன் வர வேண்டும்? கூவமும் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பிறந்து வருகிற ஆறுதான். அதை நாற்றமடிக்க வைத்தவர்கள் நாம். கொண்டாடத் தக்கது எது, தகாதது எது என்பதை நாம் முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறோம் என்பதைத்தான் அந்தச் சிரிப்பு காட்டுகிறது. ஆறுகளுக்கு நடப்பது மனிதர்களுக்கும் நடக்கிறது.

பருத்திப்பட்டு அந்தக் கூவத்தின் படுகையில்தான் இருக்கிறது. பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையில் ஏரியைப் பார்க்காமல் கடக்க முடியாது. 2019இல் அந்த ஏரியைச் சீரமைத்து, நடைபாதையும் படகுச் சவாரியும் கொண்ட பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். இந்தப் பக்கம் குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் வந்தேறிகள். 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் படை உடைத் தொழிற்சாலையும் வந்தபோது வந்தவர்கள், பிறகு அம்பத்தூர் தொழிற்பேட்டைக்காக வந்தவர்கள், அதற்கும் பிறகு நகரத்து வாடகைக்குப் பயந்து வந்தவர்கள். என் குடும்பம் இதில் முதல் வகை. எங்கள் வீட்டில் பேசுவது தென்மாவட்டத்துத் தமிழ். பக்கத்து வீட்டில் தெலுங்கு. எதிர் வீட்டில் மலையாளம். இங்கே ‘உள்ளூர் எழுத்தாளர்’ என்று யாரைச் சொல்வது?

நாங்கள் வருவதற்கு முன்பே இங்கே இருந்தவர்கள் உண்டு. திருவள்ளூர், செங்கல்பட்டு வட்டாரங்களின் ஏரிக்கரைகளிலும் வயல் ஓரங்களிலும் வாழ்ந்தவர்கள் இருளர்கள். வயலில் எலி பிடித்தார்கள், பாம்பு பிடித்தார்கள், கையால் மீன் பிடித்தார்கள், மூலிகை அறிந்தார்கள். வயல் வீட்டுமனையானபோது அவர்களில் பலர் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுண்ட கொத்தடிமைகளானார்கள். ஆவடியில் நரிக்குறவர் குடியிருப்பும் உண்டு. 2022இல் அங்கே படிக்கும் மாணவிகள் பேசிய காணொலி பரவி, முதலமைச்சரே அவர்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகுர் குழு 1965லேயே சொல்லியிருந்தது; நாடாளுமன்றம் அதற்கான மசோதாவை நிறைவேற்றியது 2022 டிசம்பரில். இடையில் ஐம்பத்தேழு ஆண்டுகள். அவர்கள் வீட்டில் பேசும் வாக்ரிபோலிக்கு எழுத்து கிடையாது. எழுத்து இல்லாத மொழியில் எழுத்தாளர் யார் என்று விழாக் குழு எப்படித் தேடும்?

நாங்கள் எட்டுப் பெண்கள் மாதம் ஒருமுறை ஏரிக்கரைப் பூங்காவில் கூடிப் புத்தகம் படிக்கிறோம். பெயரில்லாத, பதிவில்லாத கூட்டம். ஒரு முறை எங்களில் ஒருத்தி, நாமும் இங்கே ஒரு சின்ன இலக்கியத் திருவிழா நடத்தினால் என்ன, இருளர், நரிக்குறவர் பெண்களை அழைத்துப் பேச வைக்கலாமே என்றாள். எல்லோருக்கும் உற்சாகம். தையல் வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்ற அக்கா மட்டும் கேட்டார்: “இன்னாம்மா இது? அவங்க இருந்த எடத்துல நம்ம வந்து ஊடு கட்டிக்கினோம். இப்ப நம்ம அவங்கள விருந்தாளியா கூப்புட்றோமா?”

அந்தக் கேள்வியை அன்றிலிருந்து என்னால் தாண்டிப் போக முடியவில்லை. விருந்தோம்பலைத் தமிழர் பண்பு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் விருந்து வைப்பவருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்று பாருங்கள். யாரை அழைப்பது, எங்கே உட்கார வைப்பது, என்ன பரிமாறுவது, எப்போது எழுந்திருக்கச் சொல்வது எல்லாம் அவர் கையில். விருந்தாளிக்கு உள்ள ஒரே கடமை நன்றி சொல்வது. இன்னொன்றும் உண்டு, பெண்களுக்கு இது நன்றாகவே தெரியும். விருந்தோம்பலில் பெயர் வீட்டுக்காரருக்கு, அடுப்படி வீட்டுக்காரிக்கு. உழைப்பு யாருடையது, உபசரித்த புகழ் யாருக்கு என்பதில் ஒரு பழைய கணக்கு வழக்கு இருக்கிறது. பழங்குடிப் பெண்ணின் கதையால் ஒரு விழா நிறைகிறது என்றால், அங்கே சமைத்தவர் அவர். ஆனால் அவரை விருந்தாளி என்கிறோம், நம்மை விருந்து வைத்தவர்கள் என்கிறோம்.

சமைத்தவர் பெயர் மறையும் கதை புத்தகங்களின் வரலாற்றிலும் உண்டு. புதுச்சேரிக்கு அருகே காரணி என்ற கிராமத்தைச் சேர்ந்த வீரம்மா என்ற தலித் பெண், விவசாயக் கூலி, எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் தன் வாழ்க்கையை ஜோசியான் ராசினிடம் பத்தாண்டுகளாகத் தமிழில் சொன்னார். அது 1995இல் பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் புத்தகமானது. அட்டையில் வீரம்மாவின் பெயரும் ஆசிரியராக இருக்கிறது. அது சரியான செயல். ஆனாலும் அந்தப் புத்தகத்தை வீரம்மாவால் படிக்க முடியாது. எந்த வரியை வெட்டினார்கள், எதை எங்கே நகர்த்தினார்கள் என்று அவரால் சரிபார்க்க முடியாது. நம்பிக்கை ஒன்றுதான் அவருக்கு இருந்த பாதுகாப்பு.

வயநாட்டின் அடியர் சமூகத்தைச் சேர்ந்த சி.கே. ஜானு, 2003 முத்தங்கா நிலப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர். அவருடைய வாழ்க்கைக் கதையை முதலில் எழுதியவர் பாஸ்கரன் என்ற ஆண். அது 2004இல் ‘மதர் ஃபாரஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் வந்து கல்லூரிகளில் பாடமானது. ஜானு தானே எழுதிய ‘அடிமமக்க’ 2023இல்தான் வெளிவந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் உலகம் ஜானுவின் ‘நான்’ என்று படித்தது வேறொருவர் கையால் வந்த ‘நான்’. நளினி ஜமீலாவுக்கு அவ்வளவு காலம் பொறுக்கவில்லை. அவருடைய தன்வரலாறு 2005இல் ஐ. கோபிநாத் எழுதித் தர வெளியானது. அதில் தன் குரல் இல்லை என்று, அதே ஆண்டிலேயே தன் கதையைத் திரும்பச் சொல்லி வேறு பதிப்பைக் கொண்டுவந்தார்.

கனடாவில் மேட்டி பழங்குடியினத்தைச் சேர்ந்த மரியா கேம்பல் தானே எழுதினார். 1973இல் வெளிவந்த அவருடைய ‘ஹாஃப்பிரீட்’ புகழ்பெற்ற நூல். ஆனால் பதினான்கு வயதில் போலீஸ்காரர்களால் தான் வல்லுறவுக்கு ஆளானதை அவர் எழுதியிருந்த பக்கங்களை, அவர் விருப்பத்துக்கு மாறாகப் பதிப்பகம் நீக்கிவிட்டது. அந்தப் பக்கங்கள் 2018இல் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தன. முழு நூல் 2019இல் வந்தது. நாற்பத்தாறு ஆண்டுகள் அந்தப் புத்தகத்தைக் கொண்டாடியவர்கள் அதன் நடுவே இருந்த ஓட்டையோடு கொண்டாடினார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரியாது. கொண்டாட்டம் என்பது கேட்டதற்குச் சான்று ஆகாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அப்படியானால் பிறர் எழுதவே கூடாதா? அந்த முடிவுக்கும் நான் வரவில்லை. ராஜம் கிருஷ்ணன் நீலகிரியில் வாழ்ந்து, படகர்களிடம் பழகி ‘குறிஞ்சித் தேன்’ எழுதினார். வழக்கறிஞர் ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’, வீரப்பன் தேடுதல் வேட்டையில் சோளகர் பெண்கள் மீது நடந்த வன்முறையைத் தமிழ் வாசகர்கள் முன் வைத்தது. அந்த நாவல் வந்திருக்காவிட்டால் பலருக்கு அது தெரியாமலே போயிருக்கும். வெளியில் இருந்து எழுதுவது குற்றமாகாது. அந்த எழுத்து இருக்கிறது, அதுவே போதும் என்று நினைத்து அவள் உட்கார வேண்டிய நாற்காலியை எடுத்து மடித்து வைத்துவிடுவதுதான் குற்றம்.

சரி, நாற்காலியைப் போட்டாயிற்று. அவள் வந்து உட்கார்ந்தாயிற்று. பிறகு என்ன கேட்கிறோம்? ‘உங்கள் வலியைச் சொல்லுங்கள்.’

எங்கள் கூட்டத்தில் பேச்சு அடங்கியபின், நானும் அந்த அக்காவும் ஆவடியில் மணிமாலை விற்கும் ஒரு நரிக்குறவர் பெண்ணிடம் பேசினோம். பல வருடப் பழக்கம். பாட்டும் கதையும் அவரிடம் ஏராளம். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: “என்னா பேசணும்? கஷ்டத்தப் பத்தியா? அத டிவிகாரங்ககிட்ட சொல்லியாச்சே. வேற எதுனா கேளு, சொல்றேன்.” பிறகு, “ஒரு நாள் யாவாரம் போவும். அதுக்கு என்னா குடுப்பே?” என்றும் கேட்டார்.

இந்த இரண்டு கேள்விகளுக்குள் முழு விவாதமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். முதலாவது, எதைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்யும் உரிமை. உயர்சாதி ஆண் எழுத்தாளர் ஒருவர் மேடைக்கு வந்தால் நாவலின் வடிவம் பற்றி, மொழிபெயர்ப்பு பற்றி, தனக்குப் பிடித்த ருஷ்ய எழுத்தாளர் பற்றிப் பேசலாம். சலிப்பூட்டவும் செய்யலாம். பழங்குடிப் பெண் வந்தால் அவளிடம் அனுபவத்தை மட்டும் எதிர்பார்க்கிறோம். அவள் உவமையை எப்படித் தேர்ந்தெடுக்கிறாள், ஒரு கதையை எங்கே நிறுத்துகிறாள், எந்தச் சொல்லை எறிந்துவிட்டு எந்தச் சொல்லை எடுத்துக்கொள்கிறாள் என்று யாரும் கேட்பதில்லை. அவளுக்கு வாழ்க்கை இருக்கிறது, கலை இல்லை என்பது சொல்லாமல் சொல்லும் தீர்ப்பு.

பெண்கள் எழுத வந்தபோது நமக்கு நடந்ததும் இதுதான். குட்டி ரேவதி, சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகியோர் உடலைப் பற்றி எழுதியபோது கவிதையை விட்டுவிட்டு ‘இது உங்கள் சொந்த அனுபவமா?’ என்ற கேள்விதான் எழுந்தது. ஆண் எழுதினால் கற்பனை, பெண் எழுதினால் வாக்குமூலம். அந்த அவமானத்தை அறிந்த நாமே இன்னொரு பெண்ணிடம் அதே கேள்வியைப் போட முடியும் என்பதை மறந்துவிடக் கூடாது. நானும் ஒடுக்கப்பட்டவள்தானே என்ற உரிமையில், சாதியால் எனக்குக் கிடைத்த வீட்டையும் படிப்பையும் கணக்கில் காட்டாமல் விட்டுவிட முடியாது. ஒப்புமை ஒரு பாலம். பாலத்தின் மேல் நின்றுகொண்டு இரண்டு கரையும் ஒன்றுதான் என்று சொல்லக் கூடாது.

அட்டப்பாடியின் நஞ்சியம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். இருளர் பெண், ஆடு மாடு மேய்த்தவர். ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் இருளர் மொழியில் தானே கட்டிப் பாடிய பாட்டுக்காக, 2022 ஜூலையில் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. உடனே ஒரு இசைக் கலைஞர் பொதுவெளியில் கேட்டார்: வருடக்கணக்காகச் சங்கீதம் பயின்றவர்களுக்கு இது அவமதிப்பு இல்லையா? நஞ்சியம்மாவும் வருடக்கணக்காகப் பயின்றவர்தான்; அவருடைய பள்ளிக்கூடத்துக்குச் சுவர் இல்லை, அவ்வளவே. பலரும் அவருக்காகப் பேசினார்கள். ஆனால் அவருக்காகப் பேசியவர்களிலும் பலர் ‘வெள்ளந்திச் சிரிப்பு’, ‘கள்ளமில்லாத மனசு’ என்றுதான் பாராட்டினார்களே ஒழிய, பாட்டின் கட்டுமானம் பற்றிப் பேசியவர்கள் குறைவு. எதிர்த்தவர் அவரிடம் கலை இல்லை என்றார், ஆதரித்தவர்கள் அவரிடம் கலை தேவையில்லை என்றார்கள். இரண்டும் ஒரே இடத்தில் போய் நிற்கின்றன. இன்னொன்று: தேசிய விருதுக்குப் பிறகும், தன் கணவர் குடும்பத்து நிலத்துக்காக அவர் போராட வேண்டியிருந்தது. குரலுக்குப் பரிசு கொடுத்த நாடு, அதே குரல் நிலம் என்று சொன்னபோது காது கொடுக்கத் தயங்கியது.

இதனால்தான் கேட்பது என்றால் என்ன என்று கேட்க வேண்டியிருக்கிறது. தத்துவவாதி மிராண்டா ஃப்ரிக்கர் 2007இல் எழுதிய நூலில் ஒரு அநீதியை அடையாளம் காட்டினார். ஒருவர் யார் என்பதை வைத்து அவர் சொல்வதற்கு உள்ள நம்பகத்தைக் குறைத்து மதிப்பிடுவது. இதைச் சாட்சிய அநீதி என்று சொல்லலாம். அதற்கு நமக்கு வெளிநாட்டு உதாரணம் வேண்டாம், வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று தர்மபுரி மாவட்டத்தின் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் சந்தனக்கட்டை தேடி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த் துறையும் நுழைந்தன. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வல்லுறவுக்கு ஆளானார்கள். அந்தப் பெண்கள் பேசாமல் இருக்கவில்லை. அன்றிலிருந்தே பேசினார்கள். அதிகாரிகளிடம், கட்சிக்காரர்களிடம், சிபிஐயிடம், நீதிமன்றத்தில், அடையாள அணிவகுப்பில் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அரசு ஊழியர்கள் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள் என்றது எதிர்த்தரப்பு. குற்றம்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011 செப்டம்பரில். அவர்களில் ஐம்பத்து நான்கு பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29 அன்று. முப்பத்தொரு ஆண்டுகள்.

வாச்சாத்திப் பெண்களின் சொல்லை யாராவது ஒரு விழா மேடையில் கேட்டிருந்தால் கைதட்டியிருப்போம், அழுதிருப்போம், வீட்டுக்குப் போயிருப்போம். நீதிமன்றத்தில் அந்தச் சொல்லைக் கேட்பது என்றால் யாரோ வேலையை இழக்க வேண்டும், சிறைக்குப் போக வேண்டும், அரசு இழப்பீடு தர வேண்டும். அதனால்தான் அங்கே கேட்க முப்பது வருடம் ஆனது. இதிலிருந்து எனக்குக் கிடைக்கும் அளவுகோல் இது: கேட்பவருக்கு எந்த இழப்பும் இல்லாமல் ஒரு கேட்டல் நடந்தது என்றால், அது அநேகமாகப் பார்த்தல்தான். கண்ணுக்கு விருந்து, காதுக்கு ஒன்றுமில்லை.

இலக்கியத்தை நீதிமன்றத்தோடு ஒப்பிடுவது நியாயமா என்று ஒரு மாணவி கேட்கலாம். கவிதை கேட்டவர் எதை இழக்க வேண்டும்? நியாயமான கேள்வி. சொத்தை இழக்கச் சொல்லவில்லை. தன் ரசனைதான் ரசனை என்ற உறுதியை, தன் பாடத்திட்டம்தான் இலக்கியம் என்ற நிம்மதியை, கதையின் தலைப்பைத் தானே தீர்மானிக்கும் வசதியை இழக்கலாம் அல்லவா? இவைகூடச் சாதாரண இழப்புகள் இல்லை. 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’ கதையையும் பாமா, சுகிர்தராணி ஆகியோரின் எழுத்துகளையும் நீக்கியது. ‘திரௌபதி’ ஒரு சந்தால் பழங்குடிப் பெண்ணின் கதை. விழாவில் ஒரு நாள் கைதட்டல் யாருக்கும் ஆபத்தில்லை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மாணவிகள் உட்கார்ந்து படித்துத் தேர்வெழுதும் இடத்தில்தான் ஆபத்து என்பது நீக்கியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

விருந்தை மறுத்தவர்களும் இருக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் சுகிர்தராணி, தி நியூ இந்தியன் எக்ஸ்பிரஸ் குழுமத்தின் தேவி விருதை, அதன் முதன்மை விளம்பரதாரர் அதானி நிறுவனம் என்பதால் மறுத்தார். ஜார்க்கண்டின் ஒராவ் பழங்குடிக் கவிஞர் ஜசிந்தா கெர்கெட்டா 2024இல் ‘ரூம் டு ரீட்’ அமைப்பின் விருதை, ஆயுதத் தயாரிப்பில் உள்ள போயிங் நிறுவனத்தோடு அதற்குள்ள தொடர்பைச் சொல்லி மறுத்தார். விருந்தாளி என்ற பாத்திரத்தை மறுக்கும் செயல்கள் இவை. நீ யார் வீட்டில் எனக்கு இலை போடுகிறாய் என்று கேட்கும் உரிமை எனக்கு உண்டு என்கிறார்கள் இருவரும்.

இந்த மறுப்புகளை மதிக்கிறேன். ஆனால் இவற்றை எல்லோருக்குமான அளவுகோலாக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. மணிமாலை விற்கும் பெண்ணுக்கு இரண்டாயிரம் ரூபாயும் ஒரு மேடையும் கிடைத்தால், யார் பணம் என்று ஆராயும் பொறுப்பையும் ஏன் அவர் தலையில் வைக்க வேண்டும்? அநீதிக்கு ஆளானவரே தூய்மையாகவும் இருக்க வேண்டும் என்பது இன்னொரு சுமை. பெண்களுக்குப் பழகிப்போன சுமை அது. விளம்பரதாரர் யார் என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டியவர்கள் அழைப்பிதழ் அடிப்பவர்கள். மறுப்பதற்கு வசதி உள்ளவர்கள் முதலில் மறுக்கட்டும்.

அவருடைய இரண்டாவது கேள்வி இங்கேதான் வருகிறது: ஒரு நாள் வியாபாரம் போகுமே, என்ன கொடுப்பாய்? நாங்கள் எல்லோரும் ஒரு நொடி தயங்கும்படியான கேள்வி. ஏனென்றால் மேடையே பெரிய கொடை என்று நினைக்கப் பழகியிருக்கிறோம். கொடை என்றால் பெற்றவர் நன்றி சொல்ல வேண்டும். கடன் என்றால் கொடுப்பவர் கணக்குச் சொல்ல வேண்டும். ஏரியும் வயலும் இருந்த இடத்தில் வீடு கட்டிக்கொண்ட நாம், அவர்களுடைய பாட்டைத் திரைப்படத்திலும் அவர்களுடைய மூலிகை அறிவைக் கடையிலும் வாங்கி வாழும் நாம், திருவிழா நடத்தித் தருவது கொடை ஆகாது. பெரிய கடனுக்கான சிறு வட்டி. வட்டி கட்டியவருக்கு யாரும் பொன்னாடை போர்த்துவதில்லை.

கடன் என்று ஏற்றுக்கொண்டால் பல விஷயங்கள் தானாகவே மாறும். எதைப் பேசுவது என்பதை அவர் சொல்வார். அவருடைய மொழியில் முதலில் பேசுவார், நாம் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருப்போம். வழக்கமாகக் காத்திருப்பவர் அவர்தானே. பேசியதைப் பதிவு செய்தால் அதன் பிரதி அவரிடம் இருக்கும், அச்சிடும் முன் அவருக்குப் படித்துக் காட்டுவோம், வேண்டாம் என்ற வரியை எடுப்போம். நின்றுபோன ஒரு நாள் வியாபாரத்துக்கான பணம் முதல் நாளே அவர் கைக்குப் போகும். கைக்குழந்தையோடு வரும் பெண்ணுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். அடுத்த ஆண்டு யாரை அழைப்பது என்று முடிவு செய்யும் இடத்தில் அவரும் இருப்பார். இதில் எதுவும் பெரிய புரட்சி கிடையாது. ஆனால் இவற்றில் ஒவ்வொன்றும் விருந்து வைப்பவரின் கையிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் நடப்பதில்லை.

‘பழங்குடி எழுத்தாளர்’ என்ற அடைமொழியே ஒரு கூண்டாகாதா என்ற கவலையும் உண்டு. தலித் எழுத்து என்ற பெயரைப் பெருமையோடு சொல்லும் பாமாவும், அந்த அடைமொழியை ஏற்காத இமையமும் ஒரே காலத்தில் எழுதுகிறார்கள். இருவர் பக்கமும் காரணம் இருக்கிறது. பெயரை ஏற்பதா உதறுவதா என்பது அந்தப் பெயரைச் சுமப்பவர் முடிவு. அழைப்பிதழில் அதை அச்சடிக்கும் முன் அவரைக் கேட்க வேண்டும் என்பதோடு நம் வேலை முடிகிறது.

எங்கள் விழா இன்னும் நடக்கவில்லை. மணிமாலை விற்கும் அந்தப் பெண், கஷ்டத்தைப் பற்றிப் பேச மாட்டேன், எங்கள் கல்யாணப் பாட்டுகளில் மாமியாரைத் திட்டுவது எப்படி என்று சொல்கிறேன், ஆனால் எங்கள் பக்கம் வாருங்கள், ஏரிப் பூங்காவுக்கு நான் வர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். பணம் இவ்வளவு என்றும் சொல்லிவிட்டார். தையல்கார அக்கா எட்டுப் பேரிடமும் பங்கு வசூலிக்கிறார். யார் விருந்தாளி என்ற கேள்விக்கு அவர் ஒரு வரியில் பதில் வைத்திருக்கிறார்: “நம்மதான். போறப்ப வெறுங்கையோட போகக் கூடாது.”